வாத்துப் படத்துக்கு நான் சொன்ன வசனம்

ஜனவரி 12, சனி

காலை முழுக்க உறைமழை. படிக்கட்டு வழுக்காமல் உப்புப் போட்டது நான்தான். என் மனுசன் அருளுக்கு முதுகு வலி. மகள் அனிற்றாவுக்கு நித்திரை. என் உடம்பு மட்டும் இரும்பு என்று இந்த வீட்டில் ஒரு எண்ணம்.

வேலை செய்கிற ஹோட்டல் லோன்றியில் இன்று ஒரு தோய்க்கிற மெஷின் படுத்துவிட்டது. விரிப்புகள் குவிந்து கிடந்தன. வலது தோள் பிடித்துக்கொண்டது.

பால். மிளகாய்த்தூள் முடிகிறது. அனிற்றாவின் சப்பாத்துக்குச் சிப் போடவேண்டும். நாளைய டிவிடி பார்க்கவேண்டும்.

டிவிடி எதற்கென்றால்: நாளை பூசைக்குப் பிறகு கோவில் நிலக்கீழ் மண்டபத்தில் படம். இங்கிலிசுப் படம் போட்டால் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று சனத்துக்குத் தமிழில் சொல்லவேண்டும். எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பழைய வழக்கம். முன்பு ஒரு மாஸ்ரர் சொன்னார். அவர் மகனோடு ரொறன்ரோ போய்விட்டார். பூசையில் வாசகம் வாசிக்கிற குரல் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கொன்வென்றில் இங்கிலிசு படித்த பாவம், இப்போது கழிக்கிறேன்.

படத்தைத் தெரிவுசெய்தது கார்த்திக். மதுரைப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை, புறஜெக்டர் அவனுடையது. "அமெரிக்கா சவுத்ல நடக்குற கதைக்கா. நிறைய கேரக்டர்ஸ், ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. செம காமெடி. ஃபேமிலியா பார்க்கலாம்."

சோறு வைத்தேன். கறி சுடவைத்தேன். சோபாவில் இருந்தபடி தூங்கிவிட்டேன். படம் பார்க்கவில்லை. உறையின் பின்பக்கத்தை வாசித்தேன். வயிறு வலிக்கச் சிரிக்கலாமாம். சரி.

ஜனவரி 13, ஞாயிறு

காற்று. முகத்தில் ஊசி குத்தியது. பூசைக்குச் சனம் குறைவு, படத்துக்குச் சனம் கூட. ஃபாதர் கவனித்திருப்பார்.

அறிவித்தல் போட்டது சூசையண்ணை. மண்டபத்துத் திறப்புக் கொத்து அவர் கையில், ஆகவே எல்லாமே அவர் கையில். "தெற்கத்திய நகைச்சுவைப் படம்" என்று எழுதியிருந்தார். பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துப் படம் என்று நம்பி வந்திருந்தார்கள். திரையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் வந்ததும் பின்னால் ஒரு குரல்: "உது எந்தத் தெற்கு?"

றெஜினா அக்காவும் வந்திருந்தாள். பாலம் கடந்து லவாலில் இருந்து, அந்த ஐஸ் ரோட்டில். என் கூடப்பிறந்தவள். ஒரே பங்கு, ஒரே பூசை. அவள் இடப்பக்கம் இருப்பாள், நான் வலப்பக்கம். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்திலும் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

படம் இதுதான். அமெரிக்காவின் தெற்கே வெக்கை பிடித்த ஒரு சின்ன ஊர். ஒரு கூட்டம் மனிதர், ஒருவருக்கும் மூளை நேரில்லை. தலைமயிர் வெட்டுகிறவர், பொலிஸ்காரர், ஒரே நேரத்தில் கதைக்கும் மாமிமார், வீட்டுக்குள் திரியும் ஒரு பெரிய வாத்து. இளைய மகள் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள், ஊர்த் திருவிழாவில் கேக் போட்டிக்கு. அவள் வந்து இறங்க முதல் தகப்பன் செத்துப்போகிறார். போட்டி முடியும்வரை அவளுக்குச் சொல்வதில்லை என்று மூத்தவள் முடிவெடுக்கிறாள். ஊரே சேர்ந்துகொள்கிறது. தகப்பன் மீன்கடை ஐஸ் அறையில். "அப்பா மீன் பிடிக்கப் போயிட்டார்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். தலைமயிர் வெட்டுகிறவர் தகப்பனின் குரலில் ரெலிபோன் எடுக்கிறார்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் குரலை மாற்றி மாற்றிச் சொன்னேன். தகப்பனை ஐஸ் அறைக்குள் வைக்கிற இடத்தில்தான் எனக்கு உறைத்தது, நான் எந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று.

அம்மா மன்னாரில் செத்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், பனி தொடங்க முதல். நான் ஒபரேசன் முடிந்து ஆஸ்பத்திரியில். சண்டையால் ஊர்ப் பாதை பூட்டு, ஒருவரும் போகவும் ஏலாது. "மெற்றிக்கு இப்ப சொல்லவேண்டாம்" என்று என்னைப் பற்றிச் சொன்னது அக்கா. அருளுக்குத் தெரியும். அனிற்றாவுக்குத் தெரியும். பங்கு முழுக்கத் தெரியும். இதே கோவிலில் அம்மாவுக்குப் பூசை வைத்து, அழுது, தேத்தண்ணி குடித்து, பிறகு தோடம்பழத்தோடு என்னைப் பார்க்க வந்து பகிடி விட்டார்கள். அக்கா நாள்தோறும் சூப் கொண்டுவந்தாள். "அம்மா எப்பிடி?" என்று கேட்டேன். "சுகமா இருக்கிறா. உன்னைக் கேட்டவ" என்றாள். கண் சிமிட்டாமல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள். அதற்குள் எல்லோருக்கும் கண்ணீர் காய்ந்துவிட்டது. அருளோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு கிறிஸ்மஸ் வந்தது, மரம் தூக்க ஆள் வேண்டியிருந்தது, கதைத்தேன். அக்காவோடு அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு கதைக்கவே இல்லை.

படத்தின் கடைசி. வாசல் விறாந்தையில் மூத்தவள் உண்மையைச் சொல்கிறாள். இளையவள் கையில் ஒரு துண்டு கேக். ஒன்றும் பேசவில்லை, சாப்பிடுகிறாள். மண்டபம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மைக் என் கையில். எப்படி வந்ததோ:

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நீங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதனீங்கள். நான் தனிய அழுதனான். அவரைப் பற்றிக் கேக்கேக்க சுகமா இருக்கிறார் எண்டனீ. அதை எப்பிடிச் சொல்ல உனக்கு மனம் வந்தது?"

இன்னும் ஏதேதோ சொன்னேன். திரையில் மூத்தவளின் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, நான் கதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வாத்து வந்து கேக்கைப் பிடுங்கியது. சனம் அழுதபடியே சிரித்தது.

லைற் போட்டார்கள். அக்காவின் கதிரை வெறுமை.

ஜனவரி 14, திங்கள்

பனி, பாரமான ஈரப்பனி. பஸ் பிந்தியது.

நேற்று ஏன் அப்படிச் செய்தேன்? விசர்.

நேற்றே காரில் வரும்போது அனிற்றா கேட்டாள்: "அம்மா, படத்தில அந்தத் தங்கச்சி ஒண்டும் சொல்லேல்லையே. நீங்கதானே சொன்னனீங்க." பிறகு பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். அவளுக்குப் பதினாலு வயது. அவளோடு பிரெஞ்சில் சண்டை போட என்னால் ஏலாது.

அருளின் கருத்து: "நல்ல படம். வெக்கையான ஊர். பாக்கவே உடம்புக்குச் சுகமா இருந்தது." பாதிப் படம் தூங்கினார். கடைசியில் முழித்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை.

சூசையண்ணை ரெலிபோனில், நான் உடுப்பு மடிக்கும்போது: "பிள்ளை, எல்லாரும் ஒரே புழுகம், சந்தோசம். வாத்துப் படம், வாத்துப் படம் எண்டு கதைக்கினம். ஒரே ஒரு குறை, பாட்டில்லை."

மிளகாய்த்தூள் வாங்கவில்லை. மறந்துவிட்டேன்.

ஜனவரி 15, செவ்வாய்

வேலை முடிந்து வர, கதவடியில் கார்த்திக். கையில் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல். குளிரில் காது சிவந்திருந்தது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தக் கடைசி சீன்ல அந்தப் பொண்ணு பேசவே பேசாது. அதுதான் படத்துல ஹைலைட்டே. நீங்க பாட்டுக்குப் பேசிட்டீங்க."

"நேரம் கிடந்தது, நிரப்பினனான்" என்றேன். பொய் சொல்ல எனக்கும் வருகிறது.

"ஆனா ஜனம் அதுக்குத்தான் அழுதுச்சு. டைரக்டர் பார்த்தா உங்களை வேலைக்கு வெச்சுக்குவாரு."

பொங்கல் நல்லது. முந்திரிகைப்பருப்பு அள்ளிப் போட்டிருக்கிறான்.

ஜனவரி 17, வியாழன்

-19. மூக்குக்குள் மயிர் விறைத்தது.

ஊர்ச் செய்தி கேட்கவே பயமாக இருக்கிறது. சண்டை நிறுத்த ஒப்பந்தம் முறிந்தது என்கிறார்கள். அருள் ரேடியோவை நிறுத்திவிட்டார். துறைமுகத்துக் கொட்டிலில் நாள் முழுக்கப் பெட்டி ஏற்றுகிற மனிதர், வீட்டிலாவது காது ஓயட்டும் என்கிறார்.

தமிழ்க்கடையில் இன்று கேட்டவை. நான் அரிசிக்குப் பக்கத்தில், அவர்கள் மீன் பெட்டிக்குப் பக்கத்தில்:

"செத்த வீட்டை வைச்சுச் சிரிக்கிறதோ? வெள்ளைக்காரனுக்கு எதுக்கும் ஒரு பகிடி."

"எங்கடை ஆக்கள் செய்யாததையோ செய்தவன்? மறைக்கிறதில எங்களை மிஞ்ச ஆளில்லை."

"நடிப்பெண்டால் அந்த வாத்துத்தான்."

"அந்தப் பெட்டை கடைசியில கதைச்சது எனக்கு நெஞ்சுக்குள்ள நிண்டிட்டுது. தமக்கைக்கு நல்லாக் குடுத்தாள்."

"தமக்கை பாவமடி."

கடைசியாகச் சொன்னது பிலோமினா அன்ரி. பங்கில் எல்லோருக்கும் அன்ரி. செத்த வீடு, கலியாண வீடு எதென்றாலும் முதலில் வந்து கடைசியில் போகிறவ. என்னைக் கண்டுவிட்டா. அரிசிப் பைக்குப் பின்னால் ஒளிக்க இடமில்லை. "மெற்றி, உன்ரை குரல் அண்டைக்கு வேறை மாதிரி" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் கூடைக்குள் இரண்டு தேசிக்காய் போட்டுவிட்டுப் போனா.

தமக்கை பாவமாம். இருக்கட்டும்.

ஜனவரி 20, ஞாயிறு

பூசையில் அக்கா இல்லை. இடப்பக்கம் பார்க்கவில்லை என்று ஒரு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று இல்லாதது உடனே தெரிந்தது. அப்படியென்றால் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

பூசை முடிய சூசையண்ணை: "வராத சனம் அரியண்டம் பண்ணுது. லொங்குய்யில இருந்தும் வருகினமாம். தவக்காலம் தொடங்க முதல் இன்னொருக்காப் போடோணும். நீ அதே மாதிரிச் சொல்லு பிள்ளை, அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டிடாதை."

"எனக்கு ஏலாது அண்ணை. தோள் வலி."

"தோளாலயோ கதைக்கிறாய்?"

ஜனவரி 22, செவ்வாய்

லோன்றியில் புது மெஷின். பழையதைவிடச் சத்தம்.

கார்த்திக் ரெலிபோன் எடுத்தான். சும்மா ஒரு தகவலாகச் சொன்னான்: "உங்க சிஸ்டர், லவால்ல இருக்காங்களே, டிவிடி வேணும்னு கேட்டாங்க. சாட்டர்டே வந்து வாங்கிட்டுப் போனாங்க."

அக்கா என்னைவிட நன்றாக இங்கிலிசு தெரிந்தவள். வீட்டில் இருந்து ஆறுதலாகப் பார்ப்பாள். அந்தப் பெட்டை வாயே திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பாள். நான் பங்குச் சனத்துக்கு முன்னால் மைக் பிடித்து அவளைத்தான் ஏசினேன் என்று தெரிந்துகொள்வாள்.

தெரியட்டும். தெரியவேண்டும் என்றுதானே சொன்னது.

சோறு அடிப்பிடித்துவிட்டது. அனிற்றா மிச்சமிருந்த மிளகாய்த்தூளைத் தூவிப் பாண் சாப்பிட்டாள். அருள் கருகியதையே சாப்பிட்டார். நல்ல மனிதர், சில வேளைகளில்.

ஜனவரி 25, வெள்ளி

லீவு. நாள் முழுக்கப் படுத்திருந்தேன். தோளுக்குச் சுடுதண்ணிப் போத்தல். வெளியே பனி அள்ளுகிற வண்டி போகவும் வரவும்.

பின்னேரம் ரெலிபோன். அனிற்றா எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "பெரியம்மா."

வாங்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் கேட்காத குரல்.

"மெற்றி."

"ம்."

"படம் பாத்தனான்."

ஏசட்டும் என்று நின்றேன். ஏசினால் திருப்பி ஏச எல்லாம் தயாராக இருந்தது. எத்தனை தரம் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தவை.

"இளையவளுக்கு நீ கன வசனம் சொன்னனீ. அது பறவாயில்லை. ஆனா மூத்தவள் சொன்னதை விட்டிட்டாய்."

வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். நான் றிசீவரைப் பிடித்தபடி நின்றேன். அருள் கேட்டார், "ஆர்?" அக்கா என்றேன். அவர் ரிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஜனவரி 27, ஞாயிறு

பூசைக்கு வந்திருந்தாள். இடப்பக்கம், தூணுக்குப் பக்கத்தில். மெலிந்துவிட்டாள். அல்லது கறுப்புக் கோட் அப்படிக் காட்டுகிறது. சமாதானம் சொல்லும் நேரம் திரும்பினேன். அவள் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

கார்த்திக்கிடம் டிவிடி திரும்பி வந்திருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கடைசிக் கட்டத்தை மட்டும் போட்டேன். அந்தத் தெற்கத்தி இங்கிலிசு, இழுத்து இழுத்து, பாதி மூக்கால். மூத்தவள் சொல்வது எனக்குப் பிடிபடவில்லை. திருப்பி, திருப்பி. அனிற்றா வந்து றிமோட்டைப் பறித்து, கீழே எழுத்து வரவைத்தாள். நான் கூப்பிடாமலே பக்கத்தில் இருந்துகொண்டாள்.

மூத்தவள் சொல்வது இவ்வளவுதான்: "எனக்கு அப்பா செத்துப்போனார். உனக்காவது அவர் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்."

அதன் மேல்தான் நான் கதைத்திருக்கிறேன். மைக்கில். உரத்து.

சூப் ஞாபகம் வந்தது. கோழி, இஞ்சி, கொஞ்சம் மிளகு. அம்மா வைக்கிற மாதிரி. அதை அக்கா எந்த மனத்தோடு வைத்தாள் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. செத்த வீடாகிப்போன தன் வீட்டில் காலை எழுந்து, கோழி வெட்டி. பஸ், பிறகு மெற்றோ. ஆஸ்பத்திரி வாசலில் முகம் துடைத்திருப்பாள். நான் அம்மாவைக் கேட்க, சுகம் என்று சொல்லவேண்டும்.

அனிற்றா: "பெரியம்மா அப்ப ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குள்ள போய் அழுறவ. நான்தான் வெளியில நிண்டு, நீங்க வாறீங்களோ எண்டு பாக்கிறனான்."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கேல்லை."

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. எனக்குச் சொல்லியிருக்கவேண்டும். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கோபம் இருந்த இடத்தில் இப்போது இன்னொன்றும் வந்து இருக்கிறது. இரண்டுக்கும் இடம் காணாது. களைப்பாக இருக்கிறது.

ஜனவரி 30, புதன்

மழை, பிறகு எல்லாம் கண்ணாடி. லோன்றியில் ஒருத்தி விழுந்து கை முறிவு. அவளுடைய வேலையும் என் தலையில்.

சூசையண்ணைக்கு எடுத்துச் சொன்னேன்: ஞாயிறு நான் வருகிறேன். ஆனால் படத்தில் இருப்பதைத்தான் சொல்வேன்.

"அந்தக் கட்டம்?"

"அதில அந்தப் பிள்ளை ஒண்டும் கதைக்கேல்லை அண்ணை."

"சனம் ஏமாந்து போகுமே."

போகட்டும்.

அக்காவுக்கு ரெலிபோன் எடுக்க நினைத்தேன். இரண்டு தரம் நம்பர் அடித்து வைத்துவிட்டேன். என்ன சொல்வது? படத்தில் இருப்பவர்களுக்கு யாரோ எழுதிக்கொடுக்கிறார்கள்.

பெப்ரவரி 3, ஞாயிறு

வெயில். கண் கூசியது, ஆனாலும் வெயில்.

மண்டபம் நிரம்பி, கதவடியிலும் ஆட்கள். முதல் தரம் பார்த்தவர்களும் வந்துவிட்டார்கள். பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கு முன்கூட்டியே கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இப்ப வாத்து வரும் பார்." கடலை வடை வாசம். பிலோமினா அன்ரி முன்வரிசை வேண்டாமென்று பின்னால் போய் இருந்தா, வடைச் சட்டிக்குக் கிட்ட.

அக்கா முன்வரிசை. கோட் கழற்றவில்லை. கைப்பை மடியில்.

நன்றாகத்தான் சொன்னேன். மாமிமார், பொலிஸ்காரர், ரெலிபோன். சிரிப்பு வர வேண்டிய இடமெல்லாம் வந்தது. ஐஸ் அறையிலும் குரல் நடுங்கவில்லை.

கடைசி. விறாந்தை. மூத்தவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். இளையவள் கேக் சாப்பிடுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். முன்பு பார்த்தவர்கள் நெளிந்தார்கள். "சொல்லு பிள்ளை" என்று சூசையண்ணை வாயசைத்தார். சொல்லவில்லை. இளையவள் மென்று முடித்தாள்.

இப்போது மூத்தவளின் முறை. வசனம் எனக்கு மனப்பாடம். வேலைக்கு நடந்துபோகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தது. மைக்கைத் தூக்கினேன். வரவில்லை.

கதிரை உரசுகிற சத்தம். அக்கா எழும்பி வந்தாள். ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்து மைக்கை எடுத்தாள். அவளுடைய கை சுட்டது. திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"எனக்கு அம்மா செத்துப்போனா. உனக்காவது அவ இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கட்டும் எண்டு நினைச்சனான்."

பிறகு பின்னால் இருந்து, வடைச் சட்டிப் பக்கம், பிலோமினா அன்ரிக்கு அருகில் லொங்குய்யிலிருந்து புதிதாக வந்த ஒருவர் உரத்து:

"தங்கச்சி, செத்தது தகப்பன் எல்லோ?"

"சும்மா இரும்" என்றா அன்ரி.

நாங்கள் திருத்தவில்லை.